லோரியில் போன முறுக்குப் படம்

நல்லம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டால் அடக்கத் தெரியாது. கிள்ளானை அடுத்த மேருவில் ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. வெள்ளை அங்கியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு, பூதக்கண்ணாடிக்குக் கீழே அரிசியைவிடச் சின்னத் துண்டுகளில் கம்பி ஒட்ட வேண்டும். மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில், ஜப்பானிலிருந்து வந்த பெரிய மேனேஜர் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து நாற்காலிக்காரி ஏதோ முணுமுணுத்தாள். நல்லம்மாள் சிரிக்க, சிரிப்பு வரிசை முழுக்கப் பரவி, கடைசியில் அந்த மேனேஜரும் காரணம் தெரியாமலே சிரித்துவிட்டுப் போனார்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டில் அந்தத் தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. கூட வேலை செய்த பெண்கள் வாசலில் நின்று அழுதார்கள். நல்லம்மாளும் அழுதாள். ஆனால் அழுதுகொண்டே, “நாளைக்குக் காலையில அலாரம் வைக்க வேணாம்லா!” என்று சொல்லிவிட்டாள். அதற்கும் ஒரு சிரிப்பலை எழுந்தது.

அவள் கணவன் தம்புசாமி சொந்தமாக ஒரு சின்ன லோரி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தான். பேச்சு மிகவும் குறைவு. வீட்டில் பேச வேண்டியதை எல்லாம் நல்லம்மாளே பேசிவிடுவதால் தனக்கு மிச்சம் எதுவும் இல்லை என்பான். அவள் விற்பதற்கு முறுக்கு சுடத் தொடங்கியபோது அவன் சொன்னது ஒரே வார்த்தை: “சுடு.”

முறுக்கு நன்றாக வந்தது. வாயில் போட்டதும் நொறுங்கி, பிறகு எள்ளும் ஓமமும் மெதுவாக எட்டிப் பார்க்கும். அக்கம்பக்கத்தில் வாங்கினார்கள், பாசார் சந்தையில் வாங்கினார்கள். கிள்ளானில் மினி மார்க்கெட் வைத்திருந்த ராதாகிருஷ்ணன் மட்டும், ஒன்றைக் கடித்து, கண்ணை மூடி, இன்னொன்றையும் கடித்துவிட்டு, பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

“சாப்பிட ஃபர்ஸ்ட் கிளாஸ். ஆனா பார்க்க ஒண்ணும் இல்லையே. வெறும் பிளாஸ்டிக்கு. கலர்ல படம் போட்டு லேபல் ஒட்டிக் கொண்டாங்க அக்கா. தீபாவளிக்கு முன்னுக்கு வரிசையில வைக்கிறேன்.”

“என்ன படம் பாஸ்?”

“முறுக்குப் படம்தான். வேற என்ன, உங்க படமா?”

நல்லம்மாள் அதற்கும் சிரித்தாள். ஆனால் அன்று வீடு திரும்பும்போது அவள் தலைக்குள் ஒரு முறுக்கு, முழு நிலவு அளவுக்கு, பொன்னிறத்தில் சுற்றிக்கொண்டே வந்தது.

மறுநாளே ஒரு தட்டு முறுக்கோடு கிள்ளானில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனாள். கல்யாணப் படங்களுக்குப் பேர்போன இடம் அது.

“யாருக்கு அக்கா? பாஸ்போர்ட்டா?” என்று கேட்டார் படம் பிடிப்பவர்.

“முறுக்குக்கு.”

அவர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “பின்னுக்குப் பனிமலை வேணுமா, கடற்கரை வேணுமா? ரெண்டு திரையும் இருக்கு.”

பனிமலைக்கு முன்னால் முறுக்கு எப்படி இருக்கும் என்று ஒருமுறை வைத்தே பார்த்தார்கள். பிறகு வாழையிலையே போதும் என்று முடிவாயிற்று. நல்லம்மாள் ஒவ்வொரு முறுக்கின் மேலும் விரலால் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவினாள். மணப்பெண்ணுக்கு வைப்பதைப் போல அவர் மூன்று பக்கமும் விளக்கு வைத்தார். படம் கழுவி வந்தபோது நல்லம்மாள் அதைப் பர்சில், சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

அடுத்தது, படத்தை லேபலாக்க ஆள் வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடிக்கடை வாசலில் ‘கம்ப்யூட்டர் வகுப்பு. விசிட்டிங் கார்டு, லேபல் முதலியன செய்து தரப்படும்’ என்று போர்டு பார்த்திருந்தாள். அப்போதுதான் கொமுட்டர் என்னும் புறநகர் ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. “கொமுட்டர்ல ஏறி கம்ப்யூட்டர் பார்க்கப் போறேன்!” என்று பக்கத்து வீட்டு வேலி ஓரம் நின்று கத்திச் சொல்லிவிட்டுப் புறப்பட்டாள்.

மாடியில் இருந்தவர் குணேஸ்வரி டீச்சர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மலாயா ரயில்வேயில் வேலை பார்த்த குடும்பம். பல வருஷம் டைப்ரைட்டிங் வகுப்பு நடத்தியவர், அந்த இயந்திரங்களை எல்லாம் ஒரே நாளில் விற்றுவிட்டுக் கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வாங்கிப் போட்டிருந்தார். அதில் அவருக்கு வருத்தமே இல்லை. “போய்த் துலையட்டும். அதுகளின்ர சத்தத்தில எனக்குப் பாதிக் காது போயிட்டுது” என்பார்.

நல்லம்மாள் படத்தை எடுத்து நீட்டினாள். டீச்சர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“வடிவாய் இருக்கு. ஆனால் ஒண்டு சொல்லிப்போடுறன், கேளுங்கோ. லேபல் செய்யிறது எனக்கு இதுதான் முதல் தரம். போர்டில எழுதினால் ஆக்கள் வருவினம் எண்டு எழுதி வச்சனான். நீங்கள் நிசமாவே வந்திட்டீங்கள்.”

“எனக்கும் இதுதான் முதல் தடவை டீச்சர். ரெண்டு பேருக்கும் சமம்.”

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே சிநேகிதிகளாகிவிட்டார்கள்.

டீச்சர் படத்தை ஸ்கேனருக்குள் கவிழ்த்து வைத்தார். உள்ளே ஒரு வெளிச்சம் ஊர்ந்து போயிற்று. திரையில் மேலிருந்து கீழாக, வாழையிலை வந்தது, பிறகு முறுக்கு வந்தது. நல்லம்மாள் கையைத் தட்டினாள். டீச்சர் ஒரு பொத்தானை அழுத்தினார், முறுக்கு பெரிதாயிற்று. இன்னும் அழுத்தினார், இன்னும் பெரிதாயிற்று. கடைசியில் முறுக்கே காணாமல் போய், திரை முழுக்கச் சின்னச் சின்னச் சதுரங்கள் நின்றன: மஞ்சள், பழுப்பு, செம்மண் நிறம்.

“இது என்ன டீச்சர், தரைக்கு ஒட்டுற ஓடா?”

“இதுதான் உங்கட முறுக்கு. கிட்டப் போனால் எல்லாம் கட்டம்தான். படம் எண்டதே இந்தக் கட்டங்கள்தானாம். புத்தகத்தில போட்டிருக்கு.”

நல்லம்மாளுக்குத் தொழிற்சாலைப் பூதக்கண்ணாடி நினைவுக்கு வந்தது. தான் சுட்ட முறுக்கும் இப்படித் துண்டு துண்டாக நிற்கும் என்று யார் கண்டார்கள்! பெரிதாக்கு, சிறிதாக்கு, பெரிதாக்கு என்று சொல்லி அன்று பிற்பகல் முழுவதும் இருவரும் அதையே விளையாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் கணினி வகுப்புக்கு வந்த ஒருவர் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதுகூட அவர்களுக்குத் தெரியாது.

வாழையிலைக்கு மேல் ‘நல்லம்மாள் முறுக்கு’ என்று தமிழில் எழுத்து வைத்து, டீச்சர் அதை அச்சகத்துக்குக் கொடுத்தனுப்ப ஒரு பிளாப்பி டிஸ்க்கில் போடப் பார்த்தார். இடம் போதாது என்றது கம்ப்யூட்டர். படத்தைக் கொஞ்சம் சுருக்கினார். அப்போதும் போதாது என்றது. இன்னும் சுருக்கினார். கடைசியில் ஏறிவிட்டது. திரையில் பார்த்தபோது குறை எதுவும் தெரியவில்லை. முன்போலவே அழகாகத்தான் இருந்தது.

லேபல் அச்சடிக்க, ஸ்ரீ கெம்பாங்கானில் அச்சகம் வைத்திருந்த ஃபோங் என்பவரைச் சொன்னார்கள். தம்புசாமி அந்தப் பக்கம் சாமான் இறக்கப் போனபோது பிளாப்பியைச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

ஃபோங் போன் செய்த நாளில் நல்லம்மாளும் டீச்சரின் மாடியில்தான் இருந்தாள். இருவரும் ஒரே ரிசீவரில் காதை வைத்துக்கொண்டார்கள். மறுமுனையில் சுத்தமான தோட்டத்துத் தமிழ் கேட்டது. பந்திங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஃபோங்கின் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தாராம். சீனம் பேசுவதற்கு முன்னால் அவருக்குத் தமிழ்தான் வந்ததாம்.

“அக்கா, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கக் கூடாது. நீங்க விக்கிறது கொசுவத்தியா?”

“என்னது?”

“மாதிரித் தாள் அடிச்சுப் பார்த்தேன். சுத்திச் சுத்தி இருக்கு, ஓரம் எல்லாம் படிக்கட்டு மாதிரி இருக்கு. எங்க ஆளுங்க எல்லாரும் கொசுவத்தின்னுதான் சொல்றாங்க. ஒருத்தன் மட்டும் மரவட்டைங்கிறான்.”

நல்லம்மாள் ரிசீவரை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பில் மூச்சு வாங்கியது. டீச்சர்தான் தொங்கிக்கொண்டிருந்த ரிசீவரைப் பிடித்து, “கொஞ்சம் பொறுங்கோ மிஸ்டர் ஃபோங், மரவட்டைக்காரி விழுந்திட்டா” என்று சொன்னார். அதோடு அவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டது.

ஃபோங் பொறுமையாகக் காத்திருந்து காரணத்தைச் சொன்னார். திரைக்குப் போதுமான கட்டங்கள் அச்சுக்குப் போதாது. அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு முந்நூறு கட்டம் வேண்டும், அவர்கள் அனுப்பியதில் எழுபத்திரண்டுதான் இருந்தது.

“அவ்வளவுதானே!” என்றார் டீச்சர். போனை வைத்துவிட்டு, படத்தின் அளவைக் காட்டும் பெட்டியைத் திறந்து, எழுபத்திரண்டை அழித்துவிட்டு முந்நூறு என்று தட்டினார். கம்ப்யூட்டர் ஒரு மறுப்பும் சொல்லவில்லை. எப்படியோ நசுக்கிப் பிழிந்து அதையும் ஒரு பிளாப்பிக்குள் அடைத்து, தம்புசாமியிடம் கொடுத்தனுப்பினார்கள். திரும்பி வந்த மாதிரித் தாளில் படிக்கட்டு இல்லை. ஆனால் கண்ணில் எண்ணெய் பட்டவர் பார்ப்பதைப் போல எல்லாம் கலங்கலாக இருந்தது.

“இப்ப மழையில நனைஞ்ச கொசுவத்தி அக்கா” என்றார் ஃபோங் போனில்.

“முந்நூறு போட்டோமே!”

“நம்பரைத்தானே போட்டீங்க. ஒரு பிடி மாவு இருக்கு, தண்ணியா ஊத்தி ஊத்திப் பத்துத் தட்டுக்கு முறுக்கு சுட்டா எப்படி வரும்? அதே கதைதான். இல்லாத கட்டத்தக் கம்ப்யூட்டர் சும்மா கற்பனை பண்ணி வச்சிருக்கு. முதல்ல ஸ்கேன் பண்றப்பவே நிறைய எடுக்கணும்.”

மாவுக் கணக்கு நல்லம்மாளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. “டீச்சர், மறுபடி முதல்லேருந்து பிசையணும்” என்றாள்.

இந்தத் தடவை பெரிதாகவே எடுத்தார்கள். ஸ்கேனர் முனகிக்கொண்டு, ஒரு மயிரளவு நகர்ந்து, நின்று யோசித்து, மறுபடி நகர்ந்தது. இருவரும் கீழே போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தும் வாழையிலையின் நடுநரம்புக்குக்கூட அது வந்து சேரவில்லை. ஆனால் முடிந்தபோது, அடடா! ஒவ்வொரு எள்ளும் தனித்தனியாக, தன் நிழலோடு உட்கார்ந்திருந்தது. எண்ணெய் மினுமினுத்தது. முறுக்கின் வெடிப்புகூடத் தெரிந்தது. டீச்சர் உற்சாகத்தில் பச்சையைக் கொஞ்சம் தூக்கினார், மஞ்சளைக் கொஞ்சம் தூக்கினார். இலை கண்ணைப் பறித்தது. முறுக்கு தங்க நகைக்கடைக் கண்ணாடிக்குள் இருப்பதைப் போல மின்னியது.

“இதுதான் டீச்சர்! இதேதான்!”

இதே இப்போது பிளாப்பிக்குள் போக வேண்டுமே. ஒரு பிளாப்பிக்குள் அது காலைக்கூட வைக்காது. படத்தைத் துண்டாடி அடுக்கடுக்காகப் பல பிளாப்பிகளில் ஏற்றலாம் என்று புத்தகத்தில் போட்டிருந்ததை நம்பி ஏற்றினார்கள். நடுவில் ஒரு பிளாப்பி செத்துப்போனது. அது இல்லாமல் மற்றவை திறக்கவில்லை. மறுபடி ஏற்றினார்கள், வேறொன்று செத்தது. ராதாகிருஷ்ணன் போன் செய்து, “அக்கா, வரிசையில இடம் வச்சிருக்கேன், எத்தனை நாளைக்கு வச்சிருக்க முடியும் சொல்லுங்க” என்றார். கடைத்தெருவில் தீபாவளித் துணி தொங்கத் தொடங்கிவிட்டது. அன்று சாயங்காலம் மட்டும் நல்லம்மாள் சிரிக்கவில்லை. டீச்சர் பிளாப்பிகளைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்து அடுக்கி, கலைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஃபோங்கைப் போனில் கேட்டார்கள். பெரிய படங்களை எல்லாரும் தடித்த ஒரு டிஸ்க்கில் போட்டுக் கொண்டுவருகிறார்கள் என்றார் அவர். அதை எழுதும் கருவி டீச்சரிடம் இல்லை.

“அப்ப ஒண்ணு செய்யுங்க. கம்ப்யூட்டர் பெட்டியவே கொண்டாந்துருங்க. இங்க வயர் போட்டு இழுத்துக்கிறேன்.”

“பெட்டி மட்டுமோ?” என்று டீச்சர் கொதித்தார். “என்ர திரையில இருக்கிற நிறம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்? திரையும் வரும். கீபோர்டும் வரும். ஸ்கேனரும் வேணுமெண்டால் வரும்.”

“எதுல டீச்சர் கொண்டு போறது?” என்று நல்லம்மாள் கேட்டாள். “பஸ்ஸுலயா?”

அவளைக் கூட்டிப் போக வந்து, வாசற்படியில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்த தம்புசாமி தொண்டையைச் செருமினான்.

“லோரி இருக்கு” என்றான்.

மறுநாள் காலை பிரிக்பீல்ட்ஸில் அந்த மாடிக்கடைக்குக் கீழே சின்னக் கூட்டமே கூடிவிட்டது. தம்புசாமி லோரியில் மெத்தை விரித்து, கம்ப்யூட்டரை நடுவில் வைத்து, சுற்றிலும் தலையணை கொடுத்து, திரைக்கு டீச்சரின் பழைய பட்டுச் சேலையைப் போர்த்தி, கயிறு போட்டுக் கட்டினான். டீச்சர் முன்னால் ஏறிக்கொண்டார். நல்லம்மாள் முன்னால் ஏற மறுத்துவிட்டாள். பின்னால் மெத்தையில் உட்கார்ந்து, திரையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். மடியில் ஒரு தகர டின், நிறைய முறுக்கு.

தம்புசாமி வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக லோரி ஓட்டியதில்லை. சைக்கிள்கள் அவனை முந்தின. ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் இருந்து டீச்சர், “கடவுளே! மெல்ல, மெல்ல!” என்று கத்துவது பின்னால் கேட்டது. ஒவ்வொரு கத்தலுக்கும் நல்லம்மாளுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிக்னலில் நின்றபோது மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, பட்டுச் சேலை போர்த்திய உருவத்தைப் பார்த்தார்.

“என்னா அக்கா, கல்யாணச் சீரா?”

“இல்ல அண்ணே, பொண்ணே இதான்!”

சுங்கை பீசி தாண்டியதும் வானம் கறுத்தது. முதல் துளி விழுந்தவுடன் தம்புசாமி லோரியை ஓரங்கட்டி, கன்வாஸை இழுத்து, மனைவியையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து மூடிவிட்டான். இருட்டுக்குள், மேலே மழை கொட்டும் சத்தத்தில், திரையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நல்லம்மாளுக்கு, இந்த வயதில் தான் செய்துகொண்டிருப்பது என்ன என்று ஒரு கணம் யோசனை வந்தது. யோசிக்க யோசிக்க அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஃபோங் குட்டையாக, உருண்டையாக, சிங்லெட் பனியனோடு அச்சக வாசலில் நின்றார். கன்வாஸைத் தூக்கியதும் சேலை போர்த்திய திரையும் அதன் பக்கத்தில் கலைந்த தலையோடு நல்லம்மாளும் தெரிந்ததைப் பார்த்து, “அலமாக்!” என்று வாயைப் பிளந்தார். மெஷின்காரர்கள் வேலையை விட்டு ஓடிவந்து ஆளுக்கொரு துண்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வயரைப் பூட்டிப் படத்தை இழுத்ததும் முதல் கலவரம். ஃபோங்கின் திரையில் படம் இருந்தது, ‘நல்லம்மாள் முறுக்கு’ இல்லை. அந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கண்டபடி நின்றன. ஃபோங் சத்தமாக வாசித்தார்: “ஈ, வை, செமிகோலன், வை, கே, செமிகோலன்... அக்கா, இதுதான் உங்க முழுப் பேரா?”

அவரிடம் அந்தத் தமிழ் எழுத்துரு இல்லை. ஆனால் டீச்சர் திரையும் கீபோர்டும் கொண்டுவந்திருந்தாரே! தன் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “எழுத்தையும் படமாக்கிப் போட்டால் யாருடைய கம்ப்யூட்டரும் குழப்ப ஏலாது” என்று கோடுகளாக மாற்றினார். இரண்டாவது தடவை இழுத்தபோது ‘நல்லம்மாள் முறுக்கு’ அப்படியே வந்து இறங்கிற்று. மெஷின்காரர்கள் கை தட்டினார்கள்.

பிறகு ஃபோங் ஒரு தாளை எடுத்து வெட்டுக் கத்தியைக் காட்டினார். கத்தி ஒரு மயிரிழை தள்ளி விழுந்தாலும் லேபல் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். அதனால் வாழையிலையை வெட்டுக் கோட்டுக்கு வெளியிலும் கொஞ்சம் நீட்டி வைக்க வேண்டும். எழுத்தை உள்பக்கம் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் ‘நல்லம்மாள்’ வெறும் ‘ல்லம்மாள்’ ஆகிவிடுவாள். டீச்சர் இலையை இழுத்து நீட்டினார். “தலைவாழை இலை போட்டாச்சு” என்றாள் நல்லம்மாள்.

கடைசியாக நிறம். ஃபோங் ஒரு பொத்தானைத் தட்டி, திரையின் மூன்று நிறத்தை அச்சு மையின் நான்கு நிறமாக மாற்றினார். அந்தக் கணத்தில் இலையின் பச்சை மங்கியது. முறுக்கின் தங்கம் இறங்கி, நேற்றைய தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது.

“என் இலை வாடிப்போச்சே!” என்று நல்லம்மாள் நெஞ்சில் கை வைத்தாள்.

“வாடல அக்கா. டீச்சர் மெஷின் வெளிச்சத்துல நிறம் காட்டுது. எங்க மெஷின் மையில காட்டணும். மையால அவ்வளவு வெளிச்சம் போட முடியாது. அந்தப் பச்சை உலகத்துல எந்த இலையிலயும் இல்ல.”

டீச்சர் முகம் கொஞ்சம் சிவந்தது. “நான் கொஞ்சம் கூடத்தான் தூக்கிப்போட்டன்” என்றார்.

நல்லம்மாள் டின்னைத் திறந்தாள். ஒரு முறுக்கை எடுத்து மேசை விளக்குக்குக் கீழே வைத்தாள். “திரை கிடக்கட்டும் பாஸ். இந்த நிறம் வந்தா போதும்.”

ஃபோங் முறுக்கைப் பார்த்துப் பார்த்து மஞ்சள் மையை ஏற்றினார், நீலத்தைக் குறைத்தார், ஒரு மாதிரித் தாள் எடுத்துக்கொண்டு வந்தார். ஒப்பிட்டுப் பார்க்க மேசைக்குத் திரும்பினால் முறுக்கைக் காணோம்.

“எங்க கலர்?” என்று கத்தினார்.

ஓர் ஓரத்தில் நின்ற மலாய்க்கார மெஷின்காரர் மெதுவாக மென்றுகொண்டிருந்தார். “செடாப், காக்” என்று நல்லம்மாளைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினார். ருசியாக இருக்கிறது அக்கா என்றால் வேறென்ன செய்வது? அவள் இன்னொன்றை வைத்தாள். சிவப்பைக் கொஞ்சம் ஏற்றி ஃபோங் அடுத்த தாளோடு வருவதற்குள் அதுவும் போய்விட்டது. இந்தத் தடவை மென்றுகொண்டிருந்தது தம்புசாமி.

“நீங்களுமா!” என்றாள் நல்லம்மாள்.

“பசிச்சுது” என்றான் அவன்.

ஃபோங் அடுத்த முறுக்கின் மேல் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். “இத யாரும் தொடக் கூடாது. இது இப்ப சாப்பாடு இல்ல, கம்பெனி சாமான்.” ஆனாலும் டின் பாதிக்கு மேல் காலியாகிவிட்டது. அடுத்த தாள் வந்தது. நல்லம்மாள் டம்ளரை எடுத்துவிட்டு, முறுக்கைத் தாளின் மேலேயே, படத்திலிருந்த முறுக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். டீச்சர் கையை நீட்டி, எடுத்துக் கடிக்கப் போகிறவரைப் போலப் படத்தில் இருந்ததைப் பிடித்துவிட்டார். விரல் தாளில் வழுக்கியது.

வெடித்த சிரிப்பில் ஃபோங்கின் மனைவி உள் அறையிலிருந்து என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்.

அச்சு ஓடிய நாளில் நல்லம்மாளும் டீச்சரும் மறுபடி ஸ்ரீ கெம்பாங்கான் போனார்கள். இந்தத் தடவை வெறுங்கையோடு, இருவரும் லோரியின் முன்பக்கம். பெரிய மெஷின் தட தட என்று அதிர்ந்தது. முதலில் வந்த தாள்கள் வெளிறிப்போயிருந்தன. ஃபோங் ஒரு திருகைத் திருக, நிறம் மெல்ல மெல்ல ஏறிவந்தது. பிறகு தாள் தாளாக விழத் தொடங்கிற்று. ஒவ்வொரு தாளிலும் வரிசை வரிசையாக முறுக்கு, வரிசை வரிசையாக அவள் பெயர். காற்றில் மையின் வாசம். நல்லம்மாளுக்குத் தலை லேசாகச் சுற்றியது. பக்கத்தில் இருந்த டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, மெஷின் போடும் தாளத்துக்கே சுற்றிச் சுற்றி ஆடினாள். டீச்சர், “விடுங்கோ, விடுங்கோ, விழுந்திடுவன்!” என்று கத்திக்கொண்டே தானும் சுற்றினார்.

மினி மார்க்கெட்டில் பாக்கெட்டுகள் ஏறிய முதல் நாள், நல்லம்மாளும் டீச்சரும் கிள்ளானுக்குப் போய், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்றார்கள். முன் வரிசையில், ராதாகிருஷ்ணன் சொன்ன இடத்தில், வாழையிலை பளிச்சென்று தெரிந்தது. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். ஒருவர் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஊறுகாயை எடுத்தார். நல்லம்மாள் டீச்சரின் முழங்கையைக் கிள்ளினாள். அப்போது பள்ளிக்கூட ஆசிரியை மாதிரி தெரிந்த ஒரு பெண் வந்து நின்றாள். பாக்கெட்டை எடுத்தாள். திருப்பினாள். படத்தை மறுபடி பார்த்தாள். லேசாகக் குலுக்கிக் காதில் வைத்துக் கேட்டாள்.

“காதில ஏன் வைக்கிறா?” என்று டீச்சர் கிசுகிசுத்தார்.

“மொறுமொறுன்னு இருக்கான்னு பார்க்குறாங்க. பேசாதீங்க!”

அந்தப் பெண் பாக்கெட்டைத் திரும்ப வைத்தாள். நல்லம்மாள் மறுபடி கிள்ளினாள். அவள் கூடையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் இரண்டு பாக்கெட்டை எடுத்துக் கூடைக்குள் போட்டாள்.

நல்லம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். பயனில்லை. சிரிப்பு விரல் இடுக்கு வழியாக வெளியேறி, அரிசி மூட்டை அசைந்து, மேலே அடுக்கியிருந்த அப்பளக் கட்டுகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. அந்தப் பெண் திடுக்கிட்டுத் திரும்பினாள். கல்லாவிலிருந்து எழுந்து வந்த ராதாகிருஷ்ணன், அப்பளங்களுக்கு நடுவே கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்த இருவரையும் பார்த்தார்.

“என்ன அக்கா இது? சாமான் வாங்க வந்தீங்களா, கடையைக் கவுக்க வந்தீங்களா?”

“அடுத்த லோட் எப்ப வேணும் பாஸ்?” என்று கேட்டாள் நல்லம்மாள், மூச்சு வாங்கியபடி.